நௌஷேராவின் சிங்கம்

சொல்லும் செயலும் ஒன்றாக வாழ்ந்தோரையே உலகம் பெரியோர் எனப் போற்றுகின்றது. இன்பக் காலத்தில் உறுதிமொழி கூறுதல் யாவர்க்கும் எளிது. துன்பம் சூழ்ந்து நிற்கும்போது ஒரு சொல் சொல்லி, உயிர் உள்ளளவும் அதனைக் காத்து நிற்றல் சிலர்க்கே இயலும். போர்க்களம் புகும் வீரன் தன் பகைவரை வெல்வேன், வெல்லேனாயின் இன்னவாறு ஆவேன் என்று கூறும் உறுதிமொழியை நம் முன்னோர் வஞ்சினம் என்றனர். அதனை வஞ்சினக் காஞ்சி என ஒரு துறையாகவே வகுத்து வைத்தனர். இத்தகைய வஞ்சினம் பழங்காலத்து மன்னர்க்கு மட்டும் உரியதன்று. பாரத நாடு விடுதலை பெற்ற 1947ஆம் ஆண்டின் இறுதியில், காசுமீரத்து மலையடிவாரத்தில், படைத்தலைவர் ஒருவர் அத்தகைய சொல் ஒன்றைச் சொன்னார். சொன்னவாறே செய்து முடித்தார். அவரே பிரிகேடியர் முகம்மது உஸ்மான் ஆவார்.

இளமை

உஸ்மான் 1912ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 15ஆம் நாள், இன்று உத்தரப்பிரதேசம் என வழங்கும் பகுதியில், அசம்கருக்கு அண்மையிலுள்ள பீபிபூர் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவர் தந்தையார் காவல்துறையில் உயர் பொறுப்பு வகித்தவர். காசி நகரில் பணி புரிந்தவர். ஆகவே, உஸ்மான் காசியிலுள்ள அரிச்சந்திரர் பெயர் தாங்கிய பள்ளியில் கல்வி பயின்றார். வாய்மைக்கு இலக்கியமாக நின்ற மன்னனின் பெயரை நினைவூட்டும் பள்ளியில் பயின்ற சிறுவர், பிற்காலத்தில் சொன்ன சொல் தவறாத வீரராக விளங்கியது பொருத்தமே அன்றோ!

சிறு வயதில் அவருக்குப் பேச்சில் திக்கும் குறை இருந்தது என்பர். தந்தையார் மகனைக் காவல்துறையில் சேர்க்க விரும்பினார். ஆனால், மகனின் உள்ளம் படைத்துறையையே நாடியது. நா தடுமாறினும் நெஞ்சம் தடுமாறாத இயல்பு அவரிடம் இளமையிலேயே அமைந்திருந்தது. அவருக்குப் பன்னிரண்டு வயது நடந்தபோது, குழந்தை ஒன்று கிணற்றில் வீழ்ந்துவிட்டது. உஸ்மான் தயங்காது கிணற்றினுள் குதித்து அக்குழந்தையைக் காப்பாற்றினார். பிறர் உயிரைக் காக்கத் தம் உயிரைப் பொருட்படுத்தாத அந்தப் பண்பே பின்னர் அவர் வாழ்க்கை முழுவதையும் நடத்திச் சென்றது.

படைத்துறைப் பயிற்சி

அக்காலத்தில் நம் நாடு ஆங்கிலேயர் ஆட்சியின்கீழ் இருந்தது. படையில் அதிகாரிகளாகப் பணியாற்ற இந்தியர்க்குக் கிடைத்த வாய்ப்புகள் மிகக் குறைவு. அதிகாரியாக விரும்பும் இந்திய இளைஞர்கள் கடல் கடந்து சென்று, இங்கிலாந்திலுள்ள சாண்டர்ஸ்ட் என்னும் இடத்தில் அமைந்த அரச படைக்கல்லூரியில் பயில வேண்டியிருந்தது. 1932ஆம் ஆண்டில் டேராடூனில் இந்தியப் படைக்கல்லூரி தொடங்கப்பட்டது. அதன்பின் அந்நிலை மாறியது. சாண்டர்ஸ்டுக்குச் சென்ற இந்தியர்களின் இறுதிக் குழுவில் உஸ்மான் ஒருவர்.

1934ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அவர் பயிற்சி முடித்து அதிகாரியானார். அக்கால வழக்கப்படி ஓராண்டு ஆங்கிலேயப் படைப்பகுதி ஒன்றில் பணி புரிந்தபின், 1935ஆம் ஆண்டில் பத்தாம் பலூச் படைப்பிரிவில் சேர்ந்தார். அவ்வாண்டிலேயே வடமேற்கு எல்லையில் நடந்த மோமந்துப் போரில் களம் கண்டார். இரண்டாம் உலகப் போரின்போது பர்மாப் போர்முனையில் பணியாற்றினார். அவர் பெயர் 1945ஆம் ஆண்டில் இலண்டன் அரசிதழில் இடம்பெற்றது. போர் முடியும் தறுவாயில் பலூச் பிரிவின் படையணி ஒன்றுக்குத் தலைமை தாங்கும் பொறுப்பும் அவரை வந்தடைந்தது.

பிரிவினையும் தேர்வும்

1947ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் நாடு விடுதலை பெற்றது. அதே வேளையில் இரண்டாகவும் பிரிந்தது. நிலம் பிரிந்தது போலவே படையும் பிரிந்தது. ஒரே பாசறையில் உண்டு உறங்கிய வீரர்கள் இரு நாட்டினர் ஆயினர். பலூச் படைப்பிரிவு பாகிஸ்தானுக்கு ஒதுக்கப்பட்டது. உஸ்மான் இசுலாமிய சமயத்தைச் சார்ந்தவர். பல ஆண்டுகள் அப்படைப்பிரிவிலேயே வளர்ந்தவர். ஆகவே, அவரும் பாகிஸ்தானுக்கே செல்வார் எனப் பலர் எண்ணியிருக்கலாம். பாகிஸ்தானின் தலைவர்களும் அவரைத் தம் பக்கம் வருமாறு அழைத்தனர். விரைந்து உயர்பதவி அடையும் வாய்ப்பும் அவர் முன் வைக்கப்பட்டது.

உஸ்மான் அவ்வழைப்பை ஏற்கவில்லை. தாம் பிறந்த மண்ணும், தம் முன்னோர் உறங்கும் மண்ணும் இந்தியாவே என்னும் தெளிவு அவர்க்கு இருந்தது. சமயம் இறைவனோடு மனிதனைப் பிணைப்பது. நாடு உடன்வாழும் மக்களோடு மனிதனைப் பிணைப்பது. இவ்விரண்டனுள் ஒன்றற்காக மற்றொன்றைத் துறக்க வேண்டுவதில்லை என்பதை அவர் தம் வாழ்க்கையால் காட்டினார். தாம் வளர்ந்த படைப்பிரிவைப் பிரிய நேர்ந்தது. அவர் டோக்ராப் படைப்பிரிவுக்கு மாற்றப்பெற்றார். பின்னர் 77ஆம் பாராசூட் பிரிகேடின் தலைமைப் பொறுப்பை ஏற்றார்.

பாராசூட் படை என்பது விமானத்திலிருந்து குடை போன்ற கருவியின் துணையால் வானினின்று குதித்துப் போர்க்களத்தில் இறங்கும் பயிற்சி பெற்ற படையாகும். நாட்டின் முதற் பாராசூட் பிரிகேடாகிய 50ஆம் பிரிகேடு 1941ஆம் ஆண்டில் டெல்லியில் தோற்றுவிக்கப்பட்டது. 1944ஆம் ஆண்டில் மணிப்பூரிலுள்ள சாங்சாக் என்னும் ஊரில் சப்பானியரை எதிர்த்துக் கடும்போர் புரிந்து புகழ் பெற்றது. அப்படையின் தலைமையே 1947ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் உஸ்மானைத் தேடி வந்தது. ஆனால், இம்முறை அப்படை வானிலிருந்து குதிக்கவில்லை. மலைகளின்மீது கால்நடையாக நின்று போரிட வேண்டியிருந்தது.

காசுமீரத்துப் போர்

காசுமீர மன்னரின் ஆட்சிப்பகுதி எந்த நாட்டோடு இணைவது என்பது முடிவாகாதிருந்த வேளையில், 1947ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 22ஆம் நாள், எல்லைப்புறப் பழங்குடியினர் பெருந்திரளாக அதனுள் புகுந்தனர். பாகிஸ்தானின் ஆதரவு அவர்களுக்குப் பின்னின்றது. ஊர்கள் எரிந்தன, மக்கள் உயிருக்கு அஞ்சி ஓடினர். மன்னர் அரிசிங் அக்டோபர் 26ஆம் நாள் இந்தியாவோடு இணைவதாகக் கையெழுத்திட்டார். மறுநாள் காலையிலேயே இந்தியப் படை விமானங்களில் சீநகர் சென்று இறங்கியது.

சீநகர் காப்பாற்றப்பட்டது. எனினும் தெற்கே ஜம்முப் பகுதியில் இடர் பெருகியது. நவம்பர்த் திங்களில் மீர்பூர் பகைவர் கைப்பட்டது. மீர்பூரிலிருந்து வரும் சாலையும் கோட்லியிலிருந்து வரும் சாலையும் கூடும் இடத்தில் ஜங்கர் என்னும் சிற்றூர் உள்ளது. அதற்குக் கிழக்கே, ஜம்முவுக்குச் செல்லும் வழியில், நௌஷேரா அமைந்துள்ளது. ஜங்கர் வாயிற்படி எனில், நௌஷேரா அவ்வாயிலின் கதவு எனலாம். கதவு உடைந்தால் ஜம்முவுக்குச் செல்லும் வழி பகைவர்க்குத் திறந்துவிடும்.

உஸ்மான் பொறுப்பேற்ற சில நாட்களிலேயே பேரிடி ஒன்று வீழ்ந்தது. திசம்பர் 24ஆம் நாள் பகைவர் பெருந்திரளாக ஜங்கரைத் தாக்கினர். அங்கிருந்த சிறு காவற்படை தன்னிலும் பன்மடங்கு மிகுந்த கூட்டத்தை எதிர்த்து நின்றது. ஆயினும் தாங்க இயலவில்லை. ஜங்கர் வீழ்ந்தது.

வஞ்சினம்

தம் தலைமையின்கீழ் இருந்த இடம் ஒன்று பறிபோனதை உஸ்மான் தம் வாழ்வில் நேர்ந்த இழுக்காகக் கருதினார். பிறர்மீது பழி சுமத்தவில்லை. காலத்தின்மீதும் குறை கூறவில்லை. ஜங்கரை மீட்கும் நாள்வரை கட்டிலில் படுத்து உறங்குவதில்லை என உறுதி பூண்டார். அன்றுமுதல், எலும்பை நடுக்கும் அம்மலைக்குளிரில், தரையில் விரித்த பாயே அவருக்குப் படுக்கையாயிற்று.

தலைவர் தரையில் படுத்திருப்பதை வீரர் கண்டனர். கட்டளைகள் பல செய்ய இயலாததை அந்தப் பாய் செய்தது. மராட்டியர், இராசபுத்திரர், பஞ்சாபியர் எனப் பல இனத்தவரும் அப்படையில் இருந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் இந்துக்களும் சீக்கியரும் ஆவர். சமயத்தின் பெயரால் நாடெங்கும் குருதி சிந்திய காலம் அது. பகைவரும் உஸ்மான் சார்ந்த சமயத்தின் பெயரையே முழக்கிக்கொண்டு வந்தனர். இந்நிலையில் ஐயம் என்னும் நஞ்சு ஒரு வீரனின் நெஞ்சில் புகுந்தாலும் படை நிலைகுலைந்திருக்கும். உஸ்மான் அந்நஞ்சுக்கு இடமளிக்கவில்லை. பல சமயத்தவரும் ஒருவரையொருவர் காணும்போது வணக்கமாக ஜெய்ஹிந்த் என்பதையே சொல்லுமாறு ஆணையிட்டார். வீரருடன் வீரராக வாழ்ந்தார். அவர் மது அருந்துவதில்லை, புலால் உண்பதில்லை, திருமணமும் செய்துகொள்ளவில்லை. தம் ஊதியத்தின் பெரும்பகுதியை ஏழைப் பிள்ளைகளின் உணவுக்கும் கல்விக்கும் செலவிட்டார். இத்தகைய தலைவரிடம் வீரர் எவ்வாறு ஐயம் கொள்வர்?

நௌஷேராவில் தங்கியிருந்த பொதுமக்கள் உணவின்றித் துன்புற்றபோது, வாரத்தில் ஒரு நாள் தம் படையினர் நோன்பிருந்து, அதனால் மிஞ்சிய உணவை அம்மக்களுக்கு வழங்குமாறு அவர் ஏற்பாடு செய்தார் எனவும் கூறுவர். பகைவரை வெல்வதுடன் பசியையும் வெல்லுதல் படையின் கடமை என அவர் கருதினார் போலும்!

சிறுவர் சேனை

போரினால் பெற்றோரை இழந்த சிறுவர் பலர் நௌஷேராவில் திரிந்துகொண்டிருந்தனர். உஸ்மான் அவர்களை ஒன்றுதிரட்டினார். உணவும் உடையும் தந்து, கல்வியும் பயிற்சியும் கிடைக்கச் செய்தார். அச்சிறுவர் கூட்டம் பாலர் சேனை என்னும் பெயர் பெற்றது. கைவிடப்பட்டவர் எனத் தம்மை எண்ணியிருந்த அப்பிள்ளைகள், நாட்டுக்குத் தாமும் பயன்படுவோம் என்னும் நம்பிக்கை பெற்றனர். நௌஷேராப் போரின்போது செய்திகளை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டு செல்லும் பணியில் அவர்கள் ஈடுபட்டனர். அவர்களுள் அஞ்சாமை மிக்க மூவரைப் பிற்காலத்தில் பிரதமர் சவகர்லால் நேரு பரிசளித்துப் பாராட்டினார்.

கோட் கைப்பற்றல்

1948ஆம் ஆண்டு சனவரித் திங்களில் பகைவர் நௌஷேராவைப் பலமுறை தாக்கிப் பார்த்தனர். ஒவ்வொரு முறையும் விரட்டப்பட்டனர். அத்திங்களில் தளபதி கரியப்பா மேற்குப் பகுதிப் படைகளின் தலைமையை ஏற்றார். நௌஷேராவுக்கு வந்து களநிலையை ஆராய்ந்த அவர், அருகிலிருந்த கோட் என்னும் உயரமான இடத்தைத் தமக்குப் பரிசாகக் கைப்பற்றித் தருமாறு உஸ்மானைக் கேட்டுக்கொண்டார். கோட் பகைவர் கையில் இருக்கும்வரை நௌஷேராவுக்கு அமைதி இல்லை. உயரத்தில் இருப்பவனுக்குப் பள்ளத்தில் இருப்பவனின் அசைவெல்லாம் தெரியும் அன்றோ!

பிப்ரவரி முதல் நாள் விடியலில் படை கோட் நோக்கி ஏறியது. முதலில் ஊர் கைப்பற்றப்பட்டது. ஆனால், வீடுகளுக்குள் மறைந்திருந்த பகைவர் திடுமென எழுந்து தாக்கினர். கைப்பற்றிய இடம் மீண்டும் கைநழுவியது. இத்தகைய நிலைமையையும் எதிர்பார்த்து உஸ்மான் துணைப்படையை ஒதுக்கி வைத்திருந்தார். அத்துணைப்படை விரைந்து முன்னேறியது. அன்று முற்பகலிலேயே கோட் உறுதியாக நம் படையின் வசமாயிற்று. தளபதி கேட்ட பரிசை உஸ்மான் அளித்துவிட்டார்.

நௌஷேராப் போர்

ஐந்து நாட்கள் கழிந்தன. பிப்ரவரி 6ஆம் நாள் விடியற்காலையில் பகைவர் நாற்புறமும் சூழ்ந்து நௌஷேராவைத் தாக்கினர். வந்தவர் தொகை ஏறக்குறைய 11,000 எனக் கணக்கிட்டுள்ளனர். நகரைச் சுற்றியிருந்த குன்றுகளில் உஸ்மான் காவல்நிலைகளை அமைத்திருந்தார். அவற்றுள் தைந்தார் என்னும் குன்றின்மீது தாக்குதல் மிகக் கடுமையாக இருந்தது. அங்கு நாயக் சதுநாத் சிங் என்னும் வீரர் ஒன்பது பேருடன் ஒரு காவல்நிலையைக் காத்து நின்றார். இருமுறை அலை அலையாக வந்த பகைவரை அவர்கள் தடுத்தனர். உடனிருந்தோர் எல்லாரும் வீழ்ந்தும் காயமுற்றும் போயினர். மூன்றாம் முறை பகைவர் நெருங்கியபோது, காயமுற்றிருந்த சதுநாத் சிங் தன்னந்தனியராகத் துப்பாக்கியுடன் வெளியே பாய்ந்து அவர்களைச் சிதறடித்தார். அந்நிலையிலேயே குண்டு பாய்ந்து வீரமரணம் அடைந்தார். அவர் பெற்றுத் தந்த அச்சிறு பொழுதில், உஸ்மான் அனுப்பிய துணைப்படை தைந்தாரை வந்தடைந்தது. குன்று காக்கப்பட்டது. நாட்டின் மிகவுயர்ந்த வீர விருதாகிய பரம வீர சக்கரம் சதுநாத் சிங்குக்கு அவர் மறைவுக்குப்பின் வழங்கப்பட்டது.

போரின் முடிவில் பகைவருள் ஏறக்குறைய ஆயிரம் பேர் மடிந்தனர். நம் படையில் 33 பேர் உயிர் ஈந்தனர், 102 பேர் காயமுற்றனர். சில நூறு வீரர் நின்ற குன்றுகளில் பல்லாயிரவர் மோதித் தோற்றதற்குக் காரணம் என்ன? உயரமான இடங்களை முன்னரே கைப்பற்றிய முன்னறிவு ஒன்று. துணைப்படையைக் கையில் வைத்திருந்து, இடர் மிக்க இடத்துக்குக் காலத்தில் அனுப்பிய மதிநுட்பம் மற்றொன்று. இவ்விரண்டுக்கும் மேலாக, எண்ணிக்கையைக் கண்டு மலைக்காத வீரரின் நெஞ்சுரம் நின்றது.

இவ்வெற்றிக்குப் பின்னர் உஸ்மானின் பெயர் நாடெங்கும் பரவியது. மக்கள் அவரை நௌஷேராவின் சிங்கம் என அழைத்தனர். பகைவரோ அவர் தலைக்கு 50,000 ரூபாய் விலை வைத்தனர். புகழ்ச்சியும் அச்சுறுத்தலும் அவரை மாற்றவில்லை. வெற்றியின் பெருமை முழுவதையும் அவர் தம் வீரர்க்கே உரியதாக்கினார். அன்றிரவும் அவர் தரையிலேயே படுத்தார். ஏனெனில், ஜங்கர் இன்னும் மீட்கப்படவில்லை.

ஜங்கர் மீட்பு

மார்ச்சுத் திங்களில் அதற்கான நாள் வந்தது. விஜய் எனப் பெயரிட்ட இப்படையெடுப்பில் உஸ்மானின் பிரிகேடும் 19ஆம் பிரிகேடும் கலந்துகொண்டன. புறப்படுமுன் உஸ்மான் தம் வீரர்க்கு எழுத்து வடிவில் ஓர் ஆணை விடுத்தார். அதில், பாலமொன்றைக் காத்து நின்ற பழைய உரோம வீரனைப் பற்றிய மெக்காலேயின் கவிதை வரிகளை எடுத்துக்காட்டினார். நாட்டின் நம்பிக்கை அனைத்தும் அவர்களையே சார்ந்திருப்பதை நினைவூட்டினார். எவ்வகைக் குறையும் நேராதவாறு ஒவ்வொருவரும் தம் கடமையைச் செய்தல் வேண்டும் எனவும் வற்புறுத்தினார்.

பெருமழை பெய்தது, பாதைகள் சேறாயின. பகைவர் சாலைகளில் தடைகள் அமைத்திருந்தனர். குன்றுகளை ஒவ்வொன்றாகக் கைப்பற்றியே முன்னேற வேண்டியிருந்தது. பீரங்கிகளும் டாங்கிகளும் விமானங்களும் துணை நின்றன. மழை சற்று ஓய்ந்ததும் படைகள் இருபுறமும் விரைந்து சென்றன. 1948ஆம் ஆண்டு மார்ச்சு 18ஆம் நாள் ஜங்கர் மீண்டும் இந்தியப் படையின் வசமாயிற்று.

அன்று மாலை வீரர் ஒன்றை மறக்கவில்லை. தலைவரின் வஞ்சினம் நிறைவேறிவிட்டது. இனி அவர் கட்டிலில் உறங்கலாம். ஆனால், படைமுகாமில் கட்டில் ஏது? அருகிலிருந்த ஊரிலிருந்து ஒரு கட்டிலை இரவல் வாங்கி வந்தனர். ஏறக்குறைய மூன்று திங்கள் தரையில் படுத்திருந்த அப்படைத்தலைவர், அன்றிரவு கயிற்றுக்கட்டிலில் உறங்கினார். அரசர் துயின்ற பொற்கட்டில்களினும் அந்த இரவல் கட்டில் சிறந்தது எனின் மிகையாகாது.

இறுதி நாள்

இழந்த இடத்தைப் பகைவர் எளிதில் விடவில்லை. மே திங்களில் பாகிஸ்தானின் முறையான படையே போரில் இறங்கியது. பழங்குடியினரிடம் இல்லாத பெரும் பீரங்கிகள் அதனிடம் இருந்தன. ஜங்கரை மீண்டும் கைப்பற்றப் பலமுறை முயன்றனர். ஒருமுறையும் வெற்றி பெறவில்லை. எனினும் பீரங்கிக் குண்டுகள் நாள்தோறும் ஜங்கரில் வீழ்ந்துகொண்டே இருந்தன.

சூலைத் திங்கள் 3ஆம் நாள் மாலை, உஸ்மான் வழக்கம்போல் தம் அதிகாரிகளுடன் நாள்முறை ஆலோசனையை முடித்துக்கொண்டு வெளியே வந்தார். ஏறக்குறைய ஐந்தே முக்கால் மணி இருக்கும். பகைவரின் பீரங்கிகள் முழங்கத் தொடங்கின. உடனிருந்தோர் பாறை ஒன்றின் மறைவில் ஒதுங்கினர். நம் பீரங்கிகளும் மறுமொழி கூறின. குண்டுவீச்சு சற்றுத் தணிந்தபோது, உஸ்மான் தலைமைநிலையம் நோக்கி நடந்தார். அவ்வேளையில் 25 பவுண்டுப் பீரங்கிக் குண்டு ஒன்று அவர் அருகே வீழ்ந்து வெடித்தது. நௌஷேராவின் சிங்கம் ஜங்கர் மண்ணில் சாய்ந்தது. எந்த ஊரை மீட்பதற்காகத் தரையில் படுத்தாரோ, அந்த ஊரின் தரையிலேயே அவர் உயிர் பிரிந்தது. முப்பத்தாறாம் பிறந்தநாளுக்கு இன்னும் பன்னிரண்டு நாட்களே எஞ்சியிருந்தன.

அப்போரில் களத்தில் உயிர் ஈந்த இந்தியப் படை அதிகாரிகளுள் மிக உயர்ந்த பதவி வகித்தவர் அவரே. அவர் உடல் விமானத்தில் டெல்லிக்குக் கொண்டுவரப்பட்டது. நாடு அவருக்கு அரச மரியாதையுடன் இறுதிக்கடன் செய்தது. சில நாட்களுக்கு முன்னரே நாட்டின் தலைமை ஆளுநராகப் பொறுப்பேற்றிருந்த நம் இராசாசி அவர்கள் அதில் கலந்துகொண்டார். பிரதமர் நேரு, மௌலானா ஆசாத், காசுமீரத் தலைவர் சேக் அப்துல்லா ஆகியோரும் தலை தாழ்த்தி நின்றனர். இந்து, இசுலாமியர், சீக்கியர் எனப் பல சமயத்தவரும் திரண்டு வந்து கண்ணீர் பெருக்கினர். ஜாமியா மில்லியா இசுலாமியா என்னும் கல்விநிலையத்தை அடுத்த இடுகாட்டில் அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

1950ஆம் ஆண்டு குடியரசு நாளில், விடுதலை நாளாகிய 1947 ஆகஸ்டு 15 முதல் செல்லத்தக்கனவாக, நாட்டின் வீர விருதுகள் நிறுவப்பட்டன. அவற்றுள் பரம வீர சக்கரத்துக்கு அடுத்த நிலையிலுள்ள மகா வீர சக்கரம் உஸ்மானுக்கு அவர் மறைவுக்குப்பின் வழங்கப்பட்டது. அவர் உயிர் துறந்த ஜங்கரில், அப்பாறையின் அருகே நினைவுச்சின்னம் எழுப்பப்பட்டுள்ளது.

முடிவுரை

உஸ்மானின் வாழ்க்கை நமக்கு உணர்த்துவது யாது? அவர் இரண்டு உறுதிமொழிகளை மேற்கொண்டார். ஒன்றை வாய்விட்டுச் சொன்னார்; அது ஜங்கரை மீட்பது. அதனை எல்லாரும் அறிவர். மற்றொன்றை அவர் ஒருவர்க்கும் உரைக்கவில்லை. 1947ஆம் ஆண்டில் இரு நாடுகளுக்கிடையே ஒன்றைத் தேர்ந்தெடுத்த நேரத்தில் தம் நெஞ்சுக்குள்ளேயே அதனைச் சொல்லிக்கொண்டார். தாம் பிறந்த நாட்டையும், அதில் வாழும் எல்லாச் சமயத்து மக்களையும் தம்மவராகக் காப்பது என்பதே அது. முதல் உறுதிமொழியை நிறைவேற்ற மூன்று திங்கள் போதுமாயிற்று. இரண்டாவதற்கு அவர் தம் உயிரையே அளித்தார்.

வள்ளுவர் படைச்செருக்கு என ஓர் அதிகாரம் வகுத்து, வீரரின் பெருமிதத்தைப் பாடினார். அப்பெருமிதம் வாளினாலோ பீரங்கியினாலோ மட்டும் பிறப்பதன்று. திக்கிய நாவுடன் வளர்ந்த சிறுவர் ஒருவர் ஒருமுறையேனும் தம் சொல்லில் தடுமாறாது வாழ்ந்தார் என்பதில்தான் அது விளங்குகின்றது. நமக்குப் போர்க்களம் வாய்க்காமற் போகலாம். ஆயினும் சொல்லுவதற்கு முன் எண்ணுதலும், சொன்னதைத் துன்பத்திலும் காத்தலும், உடன்வாழ்வோரைப் பிரித்துப் பாராமையும் எல்லார்க்கும் இயல்வனவே. அவற்றைக் கைக்கொள்ளுதலே உஸ்மானுக்கு நாம் செலுத்தும் வணக்கமாகும்.